கேரட் சரியாக வரவில்லையா? கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி (கொங்குப் பகுதிக்கு)

எங்கள் வீடு கிணத்துக்கடவுக்குப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் செம்மண்ணும் சுக்கான்கல்லும் கலந்த கொஞ்சம் இடம், மேலே மொட்டை மாடியில் இருபது பைகள். இந்த இரண்டு இடத்திலும் ஏழு வருடமாகக் கேரட் போடுகிறேன். முதல் மூன்று வருடம் கையில் வந்ததை எல்லாம் சேர்த்தாலும் ஒரு சாம்பாருக்குத் தேறியிருக்காது. இப்போது தை மாதம் முழுக்க வீட்டுக்குக் கேரட் வாங்குவதில்லை. நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தக்காளிச் செடிக்கு ஏதாவது ஆனால் இரண்டு நாளில் இலை சொல்லிவிடும். கேரட் அப்படியில்லை. மண்ணுக்குள் வைத்திருந்து நூறாவது நாள் பிடுங்கும்போதுதான் காட்டும். ஆனால் ஒன்று: எந்தக் கோளாறு எந்த வயதில் நடந்தது என்பதைக் கிழங்கைப் பார்த்தே சொல்லிவிடலாம். கவை விட்டிருந்தால், அதாவது கிழங்கு இரண்டு மூன்றாகப் பிரிந்திருந்தால், அது முதல் மூன்று, நான்கு வாரத்தில் நடந்த தவறு. வெடித்திருந்தால் கடைசி மூன்று வாரம். நிறம் வெளுத்திருந்தால் நடுவில் வெயில் பட்ட காலம். அதனால் கோளாறைப் பார்த்ததும் "இப்போ என்ன ஊத்தலாம்" என்று யோசிக்காதீர்கள். "இது எப்போ நடந்தது" என்று பின்னோக்கிப் போங்கள். கீழே எழுதியிருப்பதும் அந்த வரிசையில்தான், விதையிலிருந்து தட்டு வரைக்கும்.

விதைத்து 20 நாளாச்சு, ஒன்றுமே முளைக்கவில்லை

நம் பக்கம் கேரட் போடும் பத்துப் பேரில் பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். காரணம் நான்குதான். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் விதைத்த மாதம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கேரட்டுக்கு அது பொருந்தாது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் மண்ணின் மேல்தோலை இரண்டு மணி நேரத்தில் உலர்த்திவிடும். கேரட் விதை இருப்பதோ அரை விரல்கடை ஆழத்தில், அதே மேல்தோலில். காலையில் நனைந்து மதியம் காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்தால், முளை விட ஆரம்பித்த விதை செத்துப்போகும். பங்குனி, சித்திரையில் போட்டால் இன்னொரு சிக்கல்: மண் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் விதை முளைப்பதே அபூர்வம். மொட்டை மாடிப் பையில் அந்தச் சூடு மாசியிலேயே வந்துவிடும்.

நான் விதைப்பது ஐப்பசியில். பிந்தினால் கார்த்திகை முதல் வாரம் வரை. கணக்கு எளிது. கேரட் நூறு நாள் பயிர், அதில் கிழங்கு தடிப்பது 45ஆம் நாளிலிருந்து 90ஆம் நாள் வரை. அந்த நாட்கள் மார்கழியை ஒட்டி விழ வேண்டும். நமக்கு வருடத்திலேயே குளிர்ச்சியான நாட்கள் அவைதான்.

இரண்டாவது ஆழம். கேரட் விதை கொத்தமல்லி, சீரகத்தின் குடும்பம் என்றாலும் அளவில் மிகச் சிறியது. ஒரு கிராமில் எழுநூறு முதல் ஆயிரம் விதை இருக்கும். அதற்குள் இருக்கும் சத்து ஒரு சென்டிமீட்டர் மண்ணைத் துளைக்கத்தான் போதும். விரலால் குழி போட்டு அவரை மாதிரி ஊன்றினால் வராது. கோடு கிழித்து, காய்ந்த பொடிமண்ணோடு விதையைக் கலந்து தூவி, மேலே சலித்த மக்குக் குப்பையை மெல்லிசாகப் போர்த்தினால் போதும்.

மூன்றாவது, மேல்மண் இறுகுவது. செம்மண் தோட்டக்காரர்களுக்கு இது தெரியும். ஒரு மழை அடித்து ஓய்ந்து வெயில் வந்தால் மேலே அப்பளம் மாதிரி ஒரு தகடு கட்டிவிடும். சோள முளை அதைக் குத்திக்கொண்டு வரும். கேரட் முளை நூல் மாதிரி, அதற்கடியிலேயே வளைந்து செத்துவிடும். சந்தேகமாக இருந்தால் 12ஆம் நாள் ஒரு ஓரத்தில் தகட்டைப் பெயர்த்துப் பாருங்கள். வெள்ளையாக வளைந்த முளை தெரிந்தால் விதை மேல் குற்றமில்லை. அதற்குத்தான் விதைக்கு மேல் மண் போடாமல் சலித்த குப்பை போடுவது. இன்னொரு வழியும் உண்டு. அதே கோட்டில் சாணுக்கு ஒன்றாக முள்ளங்கி விதை போடுங்கள். அது நான்கைந்து நாளில் தகட்டை உடைத்துக்கொண்டு வரும், கோடு எங்கே இருக்கிறது என்றும் காட்டும், கேரட்டுக்கு இடம் தேவைப்படும்போது அறுவடையும் ஆகிவிடும்.

நான்காவது, விதை செத்தது. நல்ல இடத்தில் வைத்தாலே கேரட் விதை மூன்று வருடத்துக்கு மேல் தாங்காது. தகரக் கூரைக் கடையில் இரண்டு கோடை இருந்த பாக்கெட் என்றால் கேட்கவே வேண்டாம். நான் ஒரு வருடம் வாங்கிய பாக்கெட்டில் தேதியைப் பார்க்காமல் முழுவதும் தூவிவிட்டு மாதம் முழுக்க வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விட்டேன். அதிலிருந்து இருபது விதையை ஈரத் துணியில் சுருட்டி டப்பாவில் வைத்துப் பார்த்துத்தான் விதைக்கிறேன். பத்து நாளில் பன்னிரண்டு விதையாவது முளைத்தால் போடலாம். எட்டுக்குக் கீழே என்றால் வேறு விதை வாங்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் பத்து நாள் ஈரம் விடக்கூடாது. சணல் சாக்கை நனைத்துப் பாத்தி மேல் விரித்து, அதன் மேல் பூவாளியில் காலையும் பொழுதோடவும் தெளிப்பேன். ஆறாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பச்சை தெரிந்தாலும் அன்று சாயங்காலமே சாக்கை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தால் முளைகள் சாக்கின் நூலுக்குள் ஏறிப் பின்னிக்கொள்ளும். எடுக்கும்போது எல்லாம் கையோடு வரும்.

முளைத்தது, நான்கு நாளில் காணோம்

நாற்று அடியில் நூல் கட்டினாற்போலச் சுருங்கிச் சாய்ந்து கிடந்தால் அது அழுகல். தண்ணீர் அதிகம், காற்று போதவில்லை. சாக்கை எடுத்த பிறகும் இரண்டு வேளை தெளித்தால் இப்படித்தான் ஆகும். காலையில் ஒரு தடவை போதும். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் கிடைத்தால் லிட்டருக்கு 5 கிராம் கலந்து ஒரு முறை ஊற்றுங்கள், பக்கத்து நாற்றுக்கும் பரவாமல் தடுக்கும்.

சாய்ந்து கிடக்காமல் வெட்டியெடுத்தது போல இருந்தால் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். நத்தையோ வெட்டுப்புழுவோ அகப்படும். பாத்தியில் கோடாகக் கிளறியிருந்தால் மயில். நம் பக்கம் மயில் எவ்வளவு பெருகிவிட்டது என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகக் கிளறிய ஈரமண்ணைக் கண்டால் புழு தேடிக் கிண்டிவிடும், கேரட் அதற்குத் தேவையே இல்லை. நான்கு மூலையில் குச்சி நட்டு மீன்வலையைக் கட்டிவிட்டேன், அப்புறம் தொந்தரவு இல்லை. வலை தரையோடு ஒட்டிக் கிடக்கக்கூடாது, பாம்பும் ஓணானும் சிக்கிக்கொள்ளும். அதனால் முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள்.

நாற்று ஒரு மாதமாக அப்படியே நிற்கிறது, இலை ஓரம் கருகுகிறது

பாத்தியின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது உப்பு.

கோவை நகரத்தில் ஒரே வீட்டில் இரண்டு குழாய் இருக்கும், ஒன்று நல்ல தண்ணி, மற்றது உப்புத் தண்ணி. குடிக்க சிறுவாணித் தண்ணி, செடிக்கு போர்வெல் தண்ணி. இது நியாயமாகத் தெரிந்தாலும், காய்கறிகளில் உப்பை மிகக் குறைவாகத் தாங்குபவற்றில் கேரட்டும் பீன்ஸும் முன்னால் நிற்கின்றன. மண்ணின் உப்பு அளவு மீட்டருக்கு ஒரு டெசிசீமன் (உப்பை அளக்கும் அலகு) தாண்டியதிலிருந்தே விளைச்சல் குறையத் தொடங்கும். அதே தண்ணீரில் பீட்ரூட்டும் பசலையும் சிரித்துக்கொண்டு நிற்கும். அதை வைத்துத்தான் நான் கண்டுபிடித்தேன், பக்கத்துப் பையில் பீட்ரூட் அருமையாக இருந்தது, கேரட் மட்டும் கருகியது.

தண்ணீரை மாற்ற முடியாதவர்கள் என்ன செய்வது? நல்ல வேளையாக நாம் விதைக்கும் ஐப்பசி மழைக்காலம். மாடியில் விழும் மழைத்தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்து, முதல் ஒரு மாதமாவது அதையே ஊற்றுங்கள். நாற்றுப் பருவத்தில்தான் உப்பு அதிகம் கொல்லும். பை என்றால் அடியில் துளை போதுமான அளவு இருக்க வேண்டும், வாரம் ஒரு முறை அடியில் வழியும்வரை மழைத்தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். தினமும் சிறிது சிறிதாக ஊற்றினால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

மாடித் தோட்டக்காரர்களுக்கு உப்பு வரும் இன்னொரு வழி தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சி பக்கம் நார் மில்களிலிருந்து மூட்டை மூட்டையாக, விலை குறைவாகக் கிடைக்கும். பச்சையாக, செங்காவி நிறத்தில் இருப்பதை அப்படியே மண்ணில் கலந்தால் அதிலிருக்கும் உப்பும் துவர்ப்பும் கேரட்டை நிற்க விடாது. மக்காத நார் தான் மக்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தையும் (நைட்ரஜன்) இழுத்துக்கொள்ளும். ஒரு பிடியை வாளித் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். டீத்தண்ணி நிறம் வந்தால் இன்னும் கழுவ வேண்டும். மூன்று, நான்கு முறை கழுவி, தண்ணீர் தெளிந்த பிறகுதான் பைக்குப் போக வேண்டும். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் அடுக்கு அடுக்காகப் போட்டு மக்க வைக்கும் முறையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லித்தருகிறது. அப்படி மக்கினது கறுப்பாக, மண்வாசத்தோடு இருக்கும். அது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

இலை ஒரு முழம், கிழங்கு சுண்டுவிரல்

உடுமலையில் இருக்கும் சித்தி மகள் போன மாசியில் போன் செய்தாள். "அக்கா, செடி என்னமோ கொத்தமல்லிக் கட்டாட்டம் தளதளன்னு நிக்குதுங்க்கா. புடுங்கிப் பாத்தா எலிவாலு."

"எத்தன நாளைக்கொருக்கா என்ன ஊத்தற கண்ணு?"

"வாரத்துக்கு ரெண்டு தடவ மீன் அமிலம். செடி நல்லாருக்குதேன்னு."

"பயிர் கலைச்சுவிட்டியா?"

"மொளச்சத எப்படிக்கா புடுங்கறது, மனசு வரல."

இரண்டு காரணமும் அவள் வாயிலேயே வந்துவிட்டது. மீன் அமிலம், பஞ்சகவ்யம், ஆட்டு எரு எல்லாம் தழைச்சத்து மிகுந்தவை. கேரட்டுக்கு அதைக் கொடுக்கக் கொடுக்க இலைக்குத்தான் போகும். விதைப்பதற்கு முன் மண்ணில் கலந்த மக்கின குப்பையே நூறு நாளுக்குப் போதும். 40ஆம் நாளில் கொஞ்சம் சாம்பலை மண்ணோடு கிளறிவிடலாம், சாம்பல் சத்துக்காக. சுண்ணாம்பு மிகுந்த கரிசலாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

இரண்டாவது, கலைத்துவிடாதது. எனக்கும் இதில் மனசு வராது, அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விரல் இடத்தில் மூன்று செடி நின்றால் மூன்றும் எலிவால்தான். இரண்டு, மூன்று உண்மையான இலை வந்ததும், ஏறக்குறைய 20ஆம் நாளில், இரண்டு விரல் இடைவெளிக்கு ஒன்றாக்குங்கள். 40ஆம் நாளில் மறுபடி கலைத்து மூன்று விரல் இடைவெளி. பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும் என்பதால் நான் சின்னக் கத்தரிக்கோலால் அடியோடு நறுக்கிவிடுகிறேன். இரண்டாவது முறை கலைத்த இலையைப் பொடியாக நறுக்கிப் பாசிப்பருப்போடு பொரியல் செய்தால் எங்கள் வீட்டில் மிச்சம் இருக்காது. இது தெரிந்த பிறகு சித்தி மகளுக்கும் மனசு வந்துவிட்டது.

இரண்டும் சரியாக இருந்தும் கிழங்கு தடிக்கவில்லை என்றால் நிழலைப் பாருங்கள். ஐந்தாறு மணி நேர வெயில் கட்டாயம் வேண்டும். தென்னை நிழலிலும் மாமர நிழலிலும் இலைதான் நீளும்.

கிழங்கு கவை விட்டிருக்கிறது, கால் முளைத்திருக்கிறது

முளைத்த முதல் மூன்று, நான்கு வாரம் கேரட் மேலே ஒன்றும் செய்யாதது போல நிற்கும். அந்த நாட்களில்தான் ஆணிவேர் ஊசி மாதிரி கீழே இறங்குகிறது. கிழங்கின் நீளம் அப்போதே முடிவாகிவிடும், பிறகு தடிப்பது மட்டும்தான். இறங்கும்போது நுனிக்கு அடிபட்டால் பக்க வேர் இரண்டு மூன்று ஆணிவேராக மாறிவிடும். கவை என்பது அதுதான். ஆகவே நுனிக்கு எது அடிபட வைத்தது என்று தேட வேண்டும்.

எங்கள் நிலத்தில் அது சுக்கான்கல். கொங்குச் செம்மண்ணில் ஒரு சாண் தோண்டினால் சுண்ணாம்புக் கட்டியும் சரளையும் வரும். கடலைக்கும் சோளத்துக்கும் அது பொருட்டில்லை, கேரட்டுக்குச் சுவர். ஒரு முழ ஆழத்துக்கு மண்ணை எடுத்து, ஜல்லிச் சல்லடையில் சலித்து, தரைக்கு மேல் ஒரு சாண் உயர மேட்டுப்பாத்தியாகப் போட்டேன். ஆறடிக்கு மூன்றடிப் பாத்திக்கு எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கஷ்டம்தான், ஆனால் ஒரு தடவை செய்தால் வருடக்கணக்கில் இருக்கும். அந்தப் பாத்தியை யாரும் மிதிக்கக்கூடாது.

அப்படியெல்லாம் தோண்ட முடியாதவர்களும் கரிசல் காட்டுக்காரர்களும் குட்டை ரகத்துக்குப் போங்கள். நான்ட்ஸ், குரோடா வகைகள் நீளத்தில் வடநாட்டுச் சிவப்புக் கேரட்டை விடக் குறைவு. ஈரத்தில் வீங்கிக் காய்ந்தால் பிளக்கும் கரிசலில் நீளக் கேரட்டை எதிர்பார்ப்பது சரியில்லை. சமமாகச் சலித்த மக்குக் குப்பை கலந்து மேடு போட்டால் குட்டை ரகம் வரும்.

கல்லே இல்லாத பையிலும் கவை விட்டால் குப்பையைப் பாருங்கள். மக்காத சாணி ஒரு கட்டியாக அடியில் கிடந்தால், வேர் நுனி அதைத் தொட்டதும் கருகிவிடும். எங்களுக்குக் குப்பை கொண்டுவரும் பெரியவரிடம் முதல் முறை கேட்டேன். "ஏனுங்கய்யா, இது மக்குன குப்பைங்களா?"

அவர் ஒரு கை அள்ளி என் முன்னால் நீட்டினார். "மோந்து பாரு அம்மணி. சாணி வாசம் அடிச்சுதுன்னா இன்னும் கெடக்கோணும். மொத மழ பேஞ்ச மண்ணாட்டம் வாசம் வந்தாத்தான் கெழங்குக்குப் போடோணும். உனக்கு இது வேண்டாம், தை கழிச்சு வேற தாரேன்."

விற்க வந்தவரே திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து நான் மோந்து பார்க்காமல் குப்பை போட்டதில்லை.

நாற்று விட்டு எடுத்து நட்டாலும் கவைதான் வரும். கத்தரி, மிளகாய் மாதிரி நாற்றங்கால் வேண்டாம், நேரடியாகக் கோட்டில் போட வேண்டும். பை ஆழமும் முக்கியம். குட்டை ரகத்துக்கே குறைந்தது ஒரு அடி மண் வேண்டும். கீரைப்பையில் போட்டால் அடியை முட்டிக்கொண்டு வளைந்துவிடும்.

கவையோடு, சல்லிவேரில் மணி மணியாகக் கட்டி

இதைக் கல்லால் வந்த கவையோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. பிடுங்கிய கேரட்டைத் தண்ணீரில் அலசி, பக்கத்திலுள்ள மெல்லிய வேர்களைப் பாருங்கள். கடுகு அளவில், கேழ்வரகு அளவில் முடிச்சுகள் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத புழு அது. தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் எல்லாவற்றிலும் குடியிருக்கும். தக்காளி முடிந்த பையில் அதே மண்ணைக் கிளறிக் கேரட் போட்டால் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. தக்காளிச் செடியைப் பிடுங்கி எறியும்போதே அதன் வேரைத் திருப்பிப் பாருங்கள். முடிச்சு இருந்தால் அந்த மண்ணை இந்த ஐப்பசிக்கு விட்டுவிடுங்கள்.

மண்ணைச் சுத்தம் செய்ய நம் சித்திரை வெயிலே போதும், இந்த ஒரு விஷயத்தில் அது வரம். மண்ணை நனைத்து, கண்ணாடி மாதிரித் தெளிவான பாலித்தீன் தாளை இறுக்கமாகப் போர்த்தி ஓரத்தை மண்ணால் மூடி, ஐந்தாறு வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் இந்த அளவுக்குச் சூட்டை உள்ளே இறக்காது. அதன் பிறகு ஆடியிலிருந்து புரட்டாசி வரை செண்டுமல்லி. அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கும், ஆயுத பூஜைக்குப் பூவும் ஆகும். பூவெல்லாம் பறித்த பிறகு செடியை அங்கேயே மடக்கி மக்கவிடுங்கள். விதைக்க இரண்டு வாரம் முன்பு சதுர மீட்டருக்கு 200 கிராம் வேப்பம் புண்ணாக்கு. நான் இப்படி மூன்று பாத்தியை மீட்டேன், ஆனால் ஒரே வருடத்தில் இல்லை, இரண்டு வருடம் ஆனது.

நெடுக வெடித்திருக்கிறது

கடைசி மூன்று வாரத்தில் காயப்போட்டு, பிறகு மொத்தமாகத் தண்ணீர் கட்டியிருப்பீர்கள். வெளித்தோல் இறுகிய பிறகு உள்ளே திடீரென்று தண்ணீர் ஏறினால் பிளக்கும். பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து குற்ற உணர்ச்சியில் குடம் குடமாக ஊற்றுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. போகும் முன் வைக்கோலோ காய்ந்த கரும்புச் சோகையோ மூன்று விரல் தடிமனுக்குப் பரப்பிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் முதல் நாள் பூவாளித் தெளிப்பு மட்டும், மறுநாள் கொஞ்சம், மூன்றாம் நாள் வழக்கமான அளவு. வெடித்த கேரட்டைச் சாப்பிடலாம், ஆனால் வைத்திருக்க முடியாது. அன்றே துருவி அல்வா கிண்டிவிடுங்கள்.

தோள் பச்சையாக இருக்கிறது

கிழங்கின் தலை மண்ணுக்கு வெளியே எட்டிப் பார்த்து வெயில் பட்டிருக்கிறது. உருளைக்கிழங்குப் பச்சை மாதிரி நஞ்சில்லை, கசக்கும், அவ்வளவுதான். 40ஆம் நாளிலும் 60ஆம் நாளிலும் களைக்கொத்தால் மண்ணை அணைத்துவிட்டால் வராது.

நிறம் வெளுத்து, மஞ்சளாக வந்திருக்கிறது

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேட்டுப்பாளையம் மண்டி வழியாக நம் சந்தைக்கு வரும் நீலகிரிக் கேரட் 2,000 மீட்டருக்கு மேலே, கேத்தி மாதிரியான பள்ளத்தாக்குகளில் விளைந்தது. கேரட்டுக்கு நிறம் நன்றாக ஏறும் சூடு 15 முதல் 21 டிகிரி. நமக்கு மார்கழியில்கூட இரவு மட்டும்தான் அந்தப் பக்கம் வரும், பகலில் 29, 30 போய்விடும். அதனால் ஊட்டிக் கேரட் மாதிரி ஆரஞ்சு நிறம் வரவில்லை என்று வருத்தப்படாதீர்கள். அது உங்கள் தவறு இல்லை, நம் ஊரின் உயரம்.

ஆனால் ரகத்தை மாற்றலாம். மலைக்கென்றே வந்த ஊட்டி 1 மாதிரியான ரகங்களைச் சமவெளியில் போட்டு ஏமாற வேண்டாம். குரோடா வகை வெப்பத்தை ஓரளவு தாங்கும். வடக்கே கஜர் என்று சொல்லும் சிவப்புக் கேரட்டில் பூசா ருதிரா, வெப்பத்துக்கென்றே வந்த பூசா விருஷ்டி மாதிரியான ரகங்கள் சமவெளிக்கானவை. இவற்றில் ஒரு எச்சரிக்கை: நாட்டுச் சிவப்புக் கேரட்டுக்குப் பூக்க அதிகக் குளிர் தேவையில்லை, நாள் கடந்தால் நடுவில் தண்டு கிளம்பிப் பூத்துவிடும். பூத்தண்டு வந்த கிழங்கு விறகு. தண்டு தலைகாட்டிய அன்றே பிடுங்குங்கள்.

இன்னொரு சின்னக் காரணமும் இருக்கலாம், அவசரம். கேரட்டுக்கு நிறம் கடைசியில்தான் ஏறும். 70ஆம் நாள் பிடுங்கிப் பார்த்து வெளுப்பு என்றால் மற்றவற்றை இன்னும் இருபது நாள் விடுங்கள்.

மாடியில் சூட்டைக் குறைக்க நான் செய்வது: பையைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் செங்கல் மேல் வைப்பேன். மேற்குப் பக்கம் இருக்கும் பைகளுக்கு வெள்ளைச் சாக்கைச் சுற்றிக் கட்டுவேன். இலைக்கு நிழல் தேவையில்லை, பைச் சுவருக்குத்தான் தேவை.

உடம்பெல்லாம் மயிர் மாதிரி வேர்

மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தாலோ தழைச்சத்து அதிகமானாலோ இப்படி வரும். அதோடு சேர்த்து நடுக்குருத்து மஞ்சளாகி, வெளி இலை சிவந்து, உச்சியில் கொத்தாகச் சின்னச் சின்ன இலை விட்டிருந்தால் தத்துப்பூச்சி கொண்டுவரும் நோய். அதற்கு வைத்தியம் கிடையாது, அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள்.

இலையில் பழுப்புப் புள்ளி, கீழ் இலை கருகுகிறது

இலைக்கருகல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரும் பூஞ்சாணம். முதிர்ந்த இலையில் ஆரம்பிக்கும். கருகியதைக் கிள்ளி வீட்டுக் குப்பையில் போடுங்கள், மக்குக் குழியில் வேண்டாம். தண்ணீரைச் சாயங்காலம் இலை மேல் தெளிக்காமல் காலையில் அடியில் விடுங்கள். மார்கழி வெயில் வந்தால் புது இலை சுத்தமாக வரும். நான் இதற்குப் பெரிதாக எதுவும் அடித்ததில்லை.

பார்க்க அழகு, வாயில் வைத்தால் கசப்பு

மூன்று இடத்தில் தேட வேண்டும். மாசி கடைசி, பங்குனி என்று வெயிலில் நிற்கவிட்டுப் பிடுங்கியிருந்தால் அந்த வெயில்தான் கசப்பு. நூறு நாளைத் தாண்டி விட வேண்டாம், தடிக்கட்டும் என்று காத்திருந்தால் நடுத்தண்டு மட்டும்தான் தடிக்கும். தண்ணீர் இல்லாமல் வாடி வாடி வளர்ந்திருந்தாலும் கசக்கும்.

மூன்றாவதை நான் தோட்டத்தில் தேடித் தேடி, கடைசியில் சமையலறையில் கண்டுபிடித்தேன். பிடுங்கிய அன்று தித்திப்பாக இருந்த கேரட் பத்து நாள் கழித்துக் கசந்தது. வாழைப்பழமும் ஆப்பிளும் பழுக்கும்போது விடும் எத்திலீன் வாயு பட்டால் கேரட்டுக்குள் கசப்புப் பொருள் உண்டாகிறது. நானோ பிரிட்ஜில் ஒரே தட்டில், நேந்திரம் சீப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இப்போது பிடுங்கியதும் இலையைத் தலையோடு ஒட்ட நறுக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் இலை கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி இரண்டு நாளில் வாட வைத்துவிடும். மண்ணைத் தட்டிவிட்டு, கழுவாமல், லேசாக ஈரமான துணியில் சுற்றி, பழத்திலிருந்து விலகிக் கீழ்த்தட்டில் வைக்கிறேன். மூன்று வாரம் வரை கசக்கவில்லை.